மல்லோரியும் அவர் கயிற்றில் இருந்தவர்களும்

எவரெஸ்ட் என்றதும் நமக்கு டென்சிங்கும் ஹிலாரியும்தான் ஞாபகம் வருவார்கள். 1953 மே 29. ஸ்கூல் ஜி.கே. கேள்வி, எல்லாருக்கும் மனப்பாடம். அதற்கு 29 வருஷம் முன்னாடி, 1924 ஜூன் 8 மதியம், அதே மலையின் வடக்குப் பக்கத்தில், உச்சிக்குக் கொஞ்சம் கீழே இரண்டு பேர் மேகத்துக்குள் மறைந்து போனார்கள். திரும்பி வரவே இல்லை. ஒருவர் ஜார்ஜ் மல்லோரி, வயசு 37, பள்ளி ஆசிரியராக இருந்தவர். இன்னொருவர் சாண்டி இர்வின், வயசு 22. ஆக்ஸ்ஃபோர்டில் படித்துக்கொண்டிருந்த, நம்மைப் போல ஒரு இன்ஜினியரிங் ஸ்டூடன்ட்.

அவங்க உச்சியைத் தொட்டாங்களா இல்லையா என்று நூறு வருஷமா சண்டை ஓடிக்கிட்டிருக்கு. யூட்யூபில் தேடினா ஒரு வாரம் உட்கார்ந்து பார்க்கலாம். அந்தப் பஞ்சாயத்தை நாம இங்கே தீர்க்கப் போறதில்லை. மல்லோரி மலையேறக் கத்துக்கிட்டது எப்படி, யார் யாரோடு ஏறினார், அவர் கட்டிய கயிற்றின் மறுமுனையில் யார் இருந்தாங்க, அவங்களுக்கு என்ன ஆச்சு. இதைப் பார்ப்போம்.

கூரையில் ஏறிய பையன்

1886 ஜூன் 18 அன்று இங்கிலாந்தில் செஷயர் பகுதியில் மாபர்லி என்ற கிராமத்தில் மல்லோரி பிறந்தார். அப்பா அந்த ஊர் சர்ச்சின் பாதிரியார். கூடப் பிறந்தவர்கள் இரண்டு சகோதரிகள், ஒரு தம்பி. மரம், சுவர், தண்ணிக் குழாய் என்று எது கைக்குச் சிக்கினாலும் ஏறிப் பார்க்கிற பையன். ஏழு வயசில் அப்பாவோட சர்ச் கூரை மேலேயே ஏறிட்டான் என்று ஒரு கதை உண்டு. சேட்டைக்காரன், ஆனா கணக்கில் கெட்டி. அதனாலேயே ஸ்காலர்ஷிப்பில் வின்செஸ்டர் பள்ளியில் இடம் கிடைத்தது.

அங்கேதான் கிரஹாம் இர்விங் என்ற ஆசிரியரைச் சந்தித்தார். (இவர் இர்விங், கடைசியில் வருபவர் இர்வின். குழப்பிக்காதீங்க!) இர்விங்குக்கு மலையேற்றம் என்றால் உயிர். கூட வருவதற்கு ஆள் இல்லாததால் மாணவர்களையே கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். 1904 கோடையில் மல்லோரியும் இன்னொரு மாணவரும் அவரோடு ஆல்ப்ஸ் போனார்கள். முதல் மலை மோன் வெலான். பசங்க இரண்டு பேருக்கும் உயரம் ஒத்துக்கவில்லை, வாந்தி, தலைசுற்றல். உச்சிக்குக் கொஞ்ச தூரமே பாக்கி இருக்கும்போது மூன்று பேரும் திரும்பிவிட்டார்கள். மல்லோரியின் முதல் ஆல்ப்ஸ் ஏற்றம் தோல்வியில்தான் முடிந்தது. ஆனால் அதே பயணத்தில் பிறகு மோன் பிளாங்கே ஏறிட்டாங்க.

வழிகாட்டி இல்லாமல் பள்ளிப் பசங்களை இப்படிக் கூட்டிப் போனதற்காக இர்விங் பின்னாளில் பெரிய மலையேறிகளிடம் நல்லா வாங்கிக் கட்டிக்கொண்டார். ஆனால் அவர் சேர்த்த அந்தச் சின்னக் குழுவில் இருந்த கை புல்லக் என்ற பையன் பின்னாடி எவரெஸ்ட்டில் மல்லோரியின் பக்கத்தில் நிற்கப்போகிறான்.

ஈஸ்டர் லீவு, ஒரு சின்ன ஹோட்டல்

1905இல் கேம்பிரிட்ஜில் வரலாறு படிக்கச் சேர்ந்தார். அங்கே இருந்த காலத்தில், 1909இல், ஜெஃப்ரி வின்த்ரோப் யங்கின் அறிமுகம் கிடைத்தது. கவிஞர், அன்றைய பிரிட்டனின் முன்னணி மலையேறிகளில் ஒருவர், மல்லோரியை விட பத்து வயசு மூத்தவர். இவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஈஸ்டர் லீவிலும் கிறிஸ்துமஸ் லீவிலும் வேல்ஸ் நாட்டில் ஸ்நோடன் மலையடிவாரக் கணவாயில் இருக்கும் பென்-இ-பாஸ் என்ற ஹோட்டலுக்கு நண்பர்களைக் கூப்பிடுவார். பேராசிரியர், எழுத்தாளர், டாக்டர், ஸ்டூடன்ட் என்று எல்லாரும் வருவாங்க. மனைவி, அக்கா, தங்கை எல்லாரும் கூடவே வருவாங்க. அந்தக் காலத்தில் பெண்கள் கயிறு கட்டிப் பாறை ஏறுவது அவ்வளவு சாதாரணம் இல்லை. இங்கே அது சாதாரணமாக நடந்தது. பகல் முழுக்கப் பாறை. சாயங்காலம் நனைந்த துணியைக் காயப்போட்டுவிட்டு விடிய விடியப் பாட்டு, அரட்டை, வாக்குவாதம். நம்ம ஹாஸ்டல் டூர் மாதிரியேதான்.

ஸ்நோடனின் உயரம் 1,085 மீட்டர். எவரெஸ்ட்டில் எட்டில் ஒரு பங்கு. ஆனால் பக்கத்திலேயே லிவெத் என்ற பாறைமுகம் சுமார் 300 மீட்டர் உயரத்துக்கு நிற்கிறது. மல்லோரிக்குப் பேர் வாங்கிக் கொடுத்த பாறைகளில் அதுவும் ஒன்று. அவர் ஏறுவதைப் பார்த்தவர்கள் எல்லாரும் சொன்னது ஒரே விஷயம்தான். பாறையோடு மல்லுக்கட்டவே மாட்டாராம். பூனை நடப்பது போல ஒரே ஓட்டமாகப் போய்விடுவாராம்.

கூடவே மறதியும் ஜாஸ்தி. பைப்பை எங்கேயோ வைப்பார், எடுக்க மறப்பார். உயிரைக் காப்பாற்றும் கயிற்றைத் திரும்ப இடுப்பில் கட்ட மறந்த கதைகூட உண்டு. 1921இல் எவரெஸ்ட்டில் கேமராவுக்குள் போட்டோ தகடுகளைத் திருப்பிப் போட்டு ஏகப்பட்ட படங்களை வீணாக்கினார்.

இங்கே கயிறு பற்றிக் கொஞ்சம் டெக்னிக்கலாகப் பார்க்கலாம். இன்றைக்கு நாம் பாறை ஏறப் பயன்படுத்தும் நைலான் கயிறு விழுந்தால் நீளும். விழும் ஆளின் ஆற்றலை அந்த நீட்சி உறிஞ்சிக்கொள்ளும். ஹார்னஸ் அந்த அடியை இடுப்புக்கும் தொடைக்கும் பிரித்துக் கொடுக்கும். மல்லோரி காலத்தில் இதெல்லாம் கிடையாது. நார்க்கயிற்றை நேரா இடுப்பில் சுற்றி முடிச்சுப் போடுவாங்க. அது அவ்வளவாக நீளாது. முதலில் ஏறுபவர் நல்ல உயரத்திலிருந்து விழுந்தால் கயிறு அறுந்துபோகலாம். அறாவிட்டால், கீழே இருப்பவரையும் சேர்த்து இழுத்துப் போட்டுவிடலாம். அதனால் அன்றைய ஒரே விதி: முன்னாடி போகிறவர் விழக்கூடாது.

மல்லோரி விழுந்தார். 1909 ஆகஸ்ட்டில் ஆல்ப்ஸில் நெஸ்ட்ஹார்ன் என்ற மலையில். முன்னால் ஏறியவர் அவர்தான். வெளியே துருத்திக்கொண்டிருந்த ஒரு பாறையில் கை நழுவி அந்தரத்தில் விழுந்தார். கீழே யங் கயிற்றை ஒரு பாறை நுனியில் சுற்றிப் பிடித்திருந்தார். கயிறு அறவில்லை. அவ்வளவு பெரிய மலையில் கீறல் இல்லாமல் தப்பியவர், அதே வருஷம் பெற்றோர் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு குட்டி மணற்பாறையில் விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்டார். அந்தக் கணுக்கால் சரியாகக் கூடவே இல்லை. பல வருஷம் கழித்துப் போர்முனையிலிருந்து ஊருக்கு வந்து ஆபரேஷன் செய்துகொள்ளும் அளவுக்குத் தொல்லை கொடுத்தது.

1910இலிருந்து சார்ட்டர்ஹவுஸ் பள்ளியில் ஆசிரியர் வேலை. தனக்கு இர்விங் செய்ததை இவர் தன் மாணவர்களுக்குச் செய்தார். அப்படி வேல்ஸுக்குக் கூட்டிப்போன மாணவர்களில் ஒருவர் ராபர்ட் கிரேவ்ஸ், பிற்காலத்தில் பெரிய கவிஞர். 1918இல் கிரேவ்ஸ் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றவர் மல்லோரி. வாத்தியாரை மாப்பிள்ளைத் தோழனாக நிற்க வைக்கும் மாணவன் எத்தனை பேர் இருப்பான்?

1913 டிசம்பரில் பென்-இ-பாஸில் எடுத்த ஒரு போட்டோ மலையேறிகள் மத்தியில் ரொம்பப் பிரபலம். மல்லோரியும் சீக்ஃப்ரீட் ஹெர்ஃபோர்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள். ஹெர்ஃபோர்ட் மான்செஸ்டரில் இன்ஜினியரிங் படித்தவர், விமான ஆராய்ச்சியில் இருந்தவர், அந்தத் தலைமுறையின் மிகச் சிறந்த பாறையேறிகளில் ஒருவர். அந்த லீவில் யங்கோடு சேர்ந்து இருவரும் லிவெத் பாறைமுகத்தைக் குறுக்காக, ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் போய், வேறு உயரத்தில் திரும்பியும் வந்தார்கள். யார் முதலில் உச்சிக்குப் போறது என்ற போட்டியே அதில் இல்லை, ஏனென்றால் அந்த வழி உச்சிக்கே போகாது.

ரூத்

1914 ஜூலை 29 அன்று ரூத் டர்னரைக் கல்யாணம் செய்துகொண்டார். ஆறே நாளில் பிரிட்டன் முதல் உலகப் போரில் இறங்கியது. ஆல்ப்ஸ் பயணம் என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போனது. ரூத்தை வேல்ஸ் பாறைகளுக்குக் கூட்டிப்போனார். ரூத்தும் கயிறு கட்டி ஏறினார். 1915, 1917, 1920 என்று மூன்று குழந்தைகள்: கிளேர், பெரிட்ஜ், ஜான்.

1916இல் மல்லோரி பீரங்கிப் படையில் சேர்ந்து பிரான்ஸ் போனார். சோம் போரைக் கண்ணால் பார்த்தார். பென்-இ-பாஸ் கூட்டத்தைப் போர் பிய்த்துப் போட்டுவிட்டது. ஹெர்ஃபோர்ட் 1916 ஜனவரியில் இறந்தார். யங்குக்கு 1917இல் இத்தாலிப் போர்முனையில் இடது கால் போனது. ஆனாலும் மனுஷன் விடவில்லை. செயற்கைக் காலோடு திரும்பவும் பாறைக்கு வந்தார். 1928இல் அந்தக் காலோடு மேட்டர்ஹார்ன் உச்சிக்கே போனார்! போர் முடிந்ததும் பென்-இ-பாஸ் கூட்டங்களை அவரே மறுபடி ஆரம்பித்து வைத்தார். மிச்சம் இருந்தவர்கள் வந்தார்கள், மல்லோரியும் வந்தார்.

1921இல் எவரெஸ்ட்டுக்கு முதல் ஆய்வுப் பயணம் என்று முடிவானபோது மல்லோரிக்கு அழைப்பு வந்தது. ரூத்துக்கு மனசில்லை. கடைசிக் குழந்தைக்கு ஒரு வயசுகூட ஆகவில்லை. யங் வீட்டுக்கு வந்து இரண்டு பேரிடமும் பேசினார். கொஞ்ச நேரப் பேச்சில் ரூத் சம்மதித்தார். மல்லோரி பள்ளி வேலையை விட்டார். நெஸ்ட்ஹார்னில் கயிற்றைப் பிடித்துக் காப்பாற்றிய அதே நண்பர்தான் எவரெஸ்ட்டுக்கும் வழியனுப்பி வைத்தார்.

ஒரு கயிறு பிடித்தது, ஒரு கயிறு பிடிக்கவில்லை

1921 பயணத்தில் மல்லோரியின் ஜோடி, பள்ளித்தோழர் கை புல்லக். அந்த மலைக்குப் பக்கத்தில் போகும் வழிகூட அதுவரை மேப்பில் கிடையாது. மாசக்கணக்கில் நடந்து, தேடி, செப்டம்பர் 24 அன்று சுமார் 7,000 மீட்டர் உயரத்தில் இருக்கும் நார்த் கோல் கணவாயை மல்லோரி, புல்லக், சர்வேயர் வீலர் மூவரும் தொட்டார்கள். இன்றைக்கும் திபெத் பக்கமிருந்து ஏறுபவர்கள் அந்தக் கணவாய் வழியாகத்தான் போகிறார்கள்.

1922 மே மாசம் மல்லோரி, நார்ட்டன், சோமர்வெல் மூவரும் ஆக்சிஜன் இல்லாமல் சுமார் 8,225 மீட்டர் வரை போனார்கள். அதுவரை மனிதன் ஏறிய அதிகபட்ச உயரம் அதுதான். திரும்பும் வழியில், கீழே காத்திருந்த மோர்ஸ்ஹெட்டையும் சேர்த்து நான்கு பேரும் ஒரே கயிற்றில் இறங்கும்போது, கால் சறுக்கி மூன்று பேர் வரிசையாக விழுந்தார்கள். சத்தம் கேட்டதும் மல்லோரி பனிக்கோடாரியைப் பனியில் குத்தி, அதில் கயிற்றைச் சுற்றி, உடம்பு முழுக்க அழுத்திப் பிடித்தார். கோடாரி அசையவில்லை, கயிறும் அறவில்லை. நாலு பேரும் பிழைத்தார்கள்.

அதோடு அந்தப் பயணம் முடிந்திருந்தால் நல்லா இருந்திருக்கும். பருவமழை வர ஆரம்பித்து, புதுப்பனி கொட்டியிருந்தது. இன்னொரு தடவை பார்த்துவிடலாம் என்று கிளம்பினார்கள். ஜூன் 7. மல்லோரி, சோமர்வெல், கிராஃபோர்ட், சுமை தூக்கும் 14 பேர். நார்த் கோலுக்கு ஏறும் சரிவில் பனி மொத்தமாக நழுவியது. மேலே இருந்த கயிற்றில் இருந்தவர்கள் புதைந்தாலும் வெளியே வந்துவிட்டார்கள். கீழே வந்துகொண்டிருந்த ஒன்பது பேரை அது ஒரு பனிப்பிளவுக்குள் தள்ளியது. இரண்டு பேரைத்தான் உயிரோடு தோண்டி எடுக்க முடிந்தது. ஏழு பேர் இறந்தார்கள். ஏழு பேரும் சுமைக்காரர்கள். ஒரு ஆங்கிலேயர்கூட இல்லை.

இது மல்லோரியை உலுக்கிவிட்டது. ரூத்துக்கும் யங்குக்கும் எழுதிய கடிதங்களில் தப்பைத் தன் தலையிலேயே போட்டுக்கொண்டார். அந்த ஆட்களுக்குப் பனியைப் படிக்கத் தெரியாது, தங்களை நம்பித்தான் பின்னால் வந்தார்கள் என்பதுதான் அவரை அரித்தது. வேல்ஸில் கயிறு கட்டிய ஒவ்வொருவரும் எதற்கு வருகிறோம் என்று தெரிந்து, ஆசைப்பட்டு வந்தவர்கள். இங்கே கயிற்றில் இருந்தவர்கள் கூலிக்கு வந்தவர்கள். திரும்பிப் போகலாம் என்று சொல்லும் இடத்தில் அவங்க இல்லை. 18 வயசில், உச்சிக்குக் கொஞ்சம் கீழே, இரண்டு பசங்களுக்கு உடம்பு முடியவில்லை என்றதும் இர்விங் திரும்பினாரே, அந்த முடிவை எடுக்க வேண்டிய இடத்தில் இப்போது இருந்தவர்களில் மல்லோரியும் ஒருவர்.

நெய்யூர் டாக்டரின் கேமரா

அன்று கூட இருந்த சோமர்வெல் ஒரு அறுவை மருத்துவர். 1922 பயணம் முடிந்ததும் இந்தியாவைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பியவர், அன்று திருவிதாங்கூரில் இருந்த நெய்யூர் மிஷன் மருத்துவமனைக்கு வந்தார். இன்றைக்கு நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கும் அதே நெய்யூர். அங்கே காத்துக்கிடந்த நோயாளிகளின் கூட்டத்தைப் பார்த்ததும் லண்டன் வேலையை வேண்டாமென்று விட்டுவிட்டு அங்கேயே சேர்ந்துவிட்டார். 1924 எவரெஸ்ட் பயணத்துக்கு அவர் வந்ததுகூட நெய்யூர் டாக்டராகத்தான். பிறகு வேலூர் சி.எம்.சி.யிலும் பாடம் நடத்தினார். அந்த ஏழு பேரின் சாவு அவரையும் வாழ்நாள் முழுக்க விடவில்லை.

1924 ஜூன் 4 அன்று நார்ட்டனும் சோமர்வெல்லும் மறுபடி ஆக்சிஜன் இல்லாமல் முயன்றார்கள். நார்ட்டன் சுமார் 8,570 மீட்டர் வரை போனார். சோமர்வெல் தொண்டை அடைத்து மூச்சுத் திணறி, பிழைத்ததே பெரிசு என்று இறங்கினார். கீழே மல்லோரி அடுத்த முயற்சிக்குத் தயாராகிக்கொண்டிருந்தார். வழக்கம்போல கேமராவை எடுக்க மறந்திருந்தார். சோமர்வெல் தன் குட்டி கோடக் கேமராவைக் கொடுத்தார். அந்தக் கேமராவைத்தான் இன்றுவரை உலகமே தேடிக்கொண்டிருக்கிறது.

கூட யாரைக் கூட்டிப் போவது?

சாண்டி இர்வினுக்கு மலை அனுபவம் குறைவு. ஆனால் மெஷின் என்றால் கை சும்மா இருக்காது. பள்ளியில் படிக்கும்போதே, விமானத்தின் சுழலும் இறக்கைகளில் படாமல் அதன் நடுவே துப்பாக்கி சுடுவதற்கான அமைப்பை வடிவமைத்துப் போர் அலுவலகத்துக்கு அனுப்பியவர். 1919இல் வேல்ஸில் 900 மீட்டருக்கு மேல் இருக்கும் ஃபோயல் கிராக் மலை மேல் மோட்டார் சைக்கிளையே ஓட்டிக்கொண்டு போனவர். அங்கே மனைவியோடு நடந்து வந்திருந்த நோயல் ஓடெல் வாயைப் பிளந்து பார்த்தாராம். அந்த ஓடெல்தான் பின்னாடி இவரை எவரெஸ்ட் குழுவுக்குச் சிபாரிசு செய்தார்.

1924 பயணத்தில் வந்த ஆக்சிஜன் கருவிகள் ஓட்டை ஒழுகல். சிலிண்டர் கசிகிறது, குழாய் உடைகிறது, கனம் வேறு. இர்வின் கூடாரத்தில் உட்கார்ந்து அதைப் பிரித்து, தேவையில்லாத குழாய்களைத் தூக்கிப் போட்டு, எடையைக் குறைத்துத் திரும்பப் பூட்டினார். ஸ்டவ் ரிப்பேரா, நாற்காலி ரிப்பேரா, எல்லாத்துக்கும் இர்வின்தான். ஃபைனல் இயர் ப்ராஜெக்டை 6,000 மீட்டர் உயரத்தில், விரல் விறைக்கிற குளிரில் செய்து பாருங்க, தெரியும்!

முதலில் ஆக்சிஜன் வேண்டாம் என்று இருந்தவர் மல்லோரி. கடைசி முயற்சியில் ஆக்சிஜன் இல்லாமல் ஆகாது என்று முடிவு செய்தார். அதனால் துணைக்கு, நல்ல உடம்போடு இருந்த அனுபவசாலி ஓடெல்லை விட்டுவிட்டு இர்வினைத் தேர்ந்தெடுத்தார். சரியா தப்பா என்று இன்றும் விவாதம் இருக்கிறது. கருவி பழுதானால் சரிசெய்யக்கூடிய ஆள் பக்கத்தில் வேண்டும் என்பது நியாயமான காரணம்தான். ஆனால் பதினைந்து வயசு மூத்தவர், மூன்றாவது முறை அந்த மலைக்கு வந்தவர், இதுதான் கடைசி வாய்ப்பு என்று நினைப்பவர். அவரிடம் இருபத்திரண்டு வயசுப் பையன், போதும், திரும்பிடலாம் என்று சொல்லியிருப்பானா? அந்தக் கேள்விதான் எனக்கு உச்சியைத் தொட்டார்களா என்ற கேள்வியை விடப் பெரிசாகத் தெரிகிறது.

ஜூன் 8 மதியம் 12.50க்கு மேகம் ஒரு நிமிஷம் விலகியது. முகட்டில் இரண்டு சின்னப் புள்ளிகள் நகர்வதை ஓடெல் கீழிருந்து பார்த்தார். மேகம் மறுபடி மூடிக்கொண்டது. அவ்வளவுதான்.

பிறகு

ஜூன் 19 அன்று கேம்பிரிட்ஜில் ரூத்துக்குச் செய்தி போனது. மூன்று குழந்தைகளுக்கும் அவரே சொன்னார். மூத்தவளுக்கு எட்டு வயசு, கடைசிப் பையனுக்கு மூன்று.

மூத்த மகள் கிளேர் பின்னாளில் கிளென் மில்லிகனைக் கல்யாணம் செய்துகொண்டார். ப்ளஸ் டூ இயற்பியலில் எண்ணெய்த்துளிச் சோதனை படித்தோமே, அந்த மில்லிகனின் மகன். ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காதிலேயே பார்க்கும் ஆக்சிமீட்டரை உருவாக்கியவர். கொரோனா சமயத்தில் நம்ம வீடுகளில் விரலில் மாட்டிப் பார்த்தோமே, அதன் முன்னோடி. அவரும் மலைப்பித்தர். 1947இல் அமெரிக்காவின் டென்னஸ்ஸியில் பாறையேறும்போது விபத்தில் இறந்தார். கிளேர் அப்பாவையும் கணவரையும் மலையில் இழந்தார்.

1999 மே 1 அன்று 8,155 மீட்டர் உயரத்தில் மல்லோரியின் உடல் கிடைத்தது. கால் முறிந்திருந்தது. இடுப்பைச் சுற்றிக் கயிறு, அறுந்த கயிறு. பாக்கெட்டில் பனிக்கண்ணாடி. ஒரு கவரின் முதுகில் சிலிண்டர்களின் அழுத்த அளவுகளைப் பென்சிலால் எழுதி வைத்திருந்தார். உச்சியில் வைப்பதற்காக ரூத்தின் போட்டோவைக் கொண்டு போனார் என்று குடும்பத்தில் சொல்வார்கள். அந்தப் போட்டோ அவரிடம் இல்லை. வைத்துவிட்டார் என்று சிலர், அது ஆதாரம் ஆகாது என்று சிலர். 2024இல் கீழே பனியாற்றில் ஒரு பூட்ஸ் கிடைத்தது. உள்ளே இருந்த காலுறையில் இர்வின் பெயர் தைத்திருந்தது. கயிற்றின் இரு முனைகளும் மலையின் வெவ்வேறு இடங்களில் கிடைத்தன.

நம்மில் பலர் செமஸ்டர் லீவுக்கு மலை ஏறக் கிளம்புகிறவர்கள். கேங்கில் முன்னாடி போகும் ஒருத்தன் எப்பவும் இருப்பான். பின்னாடி மூச்சு வாங்கிக்கொண்டு, திரும்பலாமா என்று கேட்கக் கூச்சப்பட்டு வரும் ஒருத்தனும் இருப்பான். அடுத்த தடவை முன்னாடி போகிறவர் ஒரு நிமிஷம் நின்று, அவன் கேட்பதற்கு முன்னாடியே அவனைக் கேட்டுப் பார்க்கலாம்.

1995 மே மாசம் மல்லோரியின் பேரன், ஜானின் மகன், தாத்தாவின் பெயரையே கொண்ட இன்னொரு ஜார்ஜ் மல்லோரி, அதே வடக்கு முகடு வழியாக எவரெஸ்ட் உச்சிக்குப் போனார். பாட்டி ரூத்தும் தாத்தாவும் சேர்ந்திருக்கும் படத்தை அங்கே வைத்துவிட்டு இறங்கினார். பத்திரமாக வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.